பத்தரை மணிப் பரீட்சை

ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரில், பதினோராம் மாடி வீடொன்றின் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்று தமிழ் நாட்காட்டி. நகர நடுவில் குறொன்லாண்ட் பகுதிப் பலசரக்குக் கடையில், வருடம் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னமே சிறிதேவி சொல்லிவைத்து வாங்குவது. நல்ல நேரம், இராகுகாலம், எமகண்டம் எல்லாம் சிவப்பும் பச்சையுமாக அதில் இருக்கும். மற்றது அவருடைய மகள் ஹம்சிகா விமானப் பள்ளியிலிருந்து கொண்டுவந்து காந்தத்தால் ஒட்டியது. ஒஸ்லோவில் எந்த நாள் எத்தனை மணிக்குச் சூரியன் எழும், எத்தனை மணிக்கு விழும் என்ற அட்டவணை. வெளிச்சத்தை நம்பிப் பறக்கிறவர்களுக்கு அது சாப்பாடு மாதிரி.

இரண்டு வருடமாக அந்தத் தாள்கள் சண்டை பிடிக்காமல் தொங்கின. 2004 பெப்ரவரியில்தான் பிடித்தன.

ஹம்சிகா நோர்வேக்கு வந்தபோது எட்டு வயது. அப்பா இராஜதுரை இரண்டு வருடம் முந்தி வந்து, நாட்டின் வட முனையில் போட்ஸ்பியோர்ட் என்ற ஊரில் மீன் தொழிற்சாலை வேலைக்கு நின்றார். குளிர்காலத்தில் காற்று எழும்பினால் அந்த ஊருக்கு வரும் தெருவைப் பூட்டிவிடுவார்கள். பல்லுக்குக் கம்பி கட்டுவதென்றாலும் விமானம்தான். அதுவும் இருபது பேர் கொள்ளாத சின்ன விமானம். ஓடத் தொடங்கும்போதே முடிந்துவிடும் போன்ற ஓடுபாதை.

பன்னிரண்டு வயதில் பல் வைத்தியரிடம் போய்த் திரும்பிய ஒரு நாள், பனிக்காற்றில் அந்த விமானம் இரண்டு தரம் இறங்கப் பார்த்தது. மூன்றாம் தரம் பார்க்கவில்லை. திரும்பிப் போய் வேறு ஊரில் இறங்கியது. பக்கத்தில் சிறிதேவி கடுதாசிப் பையை வாயில் பிடித்தபடி கிடந்தார். பயணிகள் முணுமுணுத்தார்கள். விமானியே கீழே இறங்கி வந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டு, "இன்றைக்கு ஏலாது. நாளைக்குப் பார்ப்போம்" என்றார். குளிர்த் தொப்பியைக் கழற்றியபோது பின்னல் ஒன்று விழுந்தது. பெண். ஒரு பெண்ணின் ஒரு சொல்லுக்குப் பதினெட்டுப் பேர் வீட்டுக்குப் போகாமல் நின்றதை ஹம்சிகா அன்றுதான் கண்டாள். அது அவளுக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று.

அதன் பிறகு குடும்பம் ஒஸ்லோவுக்கு வந்தது. இராஜதுரை பஸ் ஓட்டினார். சிறிதேவி முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஹம்சிகா பள்ளிக்கூடம் முடித்து, விமானியாகப் போகிறேன் என்று சொன்ன நாளில் வீட்டில் பெரிய பிரளயம் ஒன்றும் நடக்கவில்லை. இராஜதுரை யோசித்துவிட்டு, "பஸ்ஸுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? நடுவழியிலை நிப்பாட்ட ஏலாது, அவ்வளவுதானே" என்றார். பிரளயம் வெளியில்தான். ஒரு பூப்புனித நீராட்டு விழாவில், தெரிந்தவர் சபாரத்தினம் சோற்றுக் கோப்பையோடு வந்து, "பிள்ளை பிளேனிலை தேத்தண்ணி குடுக்கப் போறாவாம், உண்மையே?" என்று கேட்டார்.

"இல்லை மாமா. நான் முன்னுக்கு இருப்பன். தேத்தண்ணி எனக்குக் கொண்டுவந்து தருவினம்."

அவள் விமானப் பள்ளியில் சேர்ந்தது 2001 செப்டெம்பரில். அந்த மாதம் உலகத்து விமானக் கம்பனிகளெல்லாம் ஆட்டம் கண்டன. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் வேறு வேலை பார்க்கப் போனார்கள். ஹம்சிகா வார இறுதிகளில் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை நிறுத்து அனுப்பும் மேசையில் நின்றபடி படித்தாள். மூன்றாம் வருடம், வடக்கில் சிறு விமானங்கள் ஓட்டும் கம்பனி ஒன்று துணை விமானிகளுக்கு ஆறு இடங்கள் திறந்தது. அதில் ஒன்று அவளுக்கு. மார்ச் முதலாம் தேதி பயிற்சி தொடங்கும். அதற்கிடையில் தொழில் விமானி உரிமம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தெரிவில் ஏழாவதாக வந்து காத்திருக்கும் ஆளுக்கு இடம் போய்விடும்.

உரிமத்துக்கான பறப்புப் பரீட்சையில் அவள் நவம்பரில் ஒரு தரம் தோற்றிருந்தாள். எஞ்சின் நின்றுவிட்டதாக வைத்து, இறங்க ஒரு வயலைத் தெரிவு செய் என்று பரீட்சகர் சொன்னபோது, ஒன்றைத் தெரிவு செய்து, பாதியில் மனம் மாறி மற்றதுக்குத் திரும்பி, இரண்டுக்கும் எட்டாமல் போனாள். அன்று பின்னேரமே சிறிதேவி நாட்காட்டியைப் பார்த்துவிட்டார். புதன்கிழமை, பன்னிரண்டேகால். இராகுகாலம் தொடங்கிக் கால் மணிநேரம். மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டார்.

இரண்டாம் பரீட்சை பெப்ரவரி இருபது, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. பரீட்சகர் வடக்கிலிருந்து வருகிறவர், சனிக்கிழமை போய்விடுவார்.

வியாழன் மத்தியானம், ஹம்சிகா வேலை மேசையில் நின்றபோது கைத்தொலைபேசியில் செய்தி வந்தது. விமானப் பள்ளிக் காரியாலயத்துப் பெண் அன்பாகத்தான் எழுதியிருந்தாள். 'காய்ச்சல் என்று கேள்விப்பட்டோம். நன்றாக ஓய்வெடு. நாளைய உன் நேரத்தை மற்ற மாணவன் லார்ஸுக்குக் கொடுத்துவிட்டோம். அடுத்த பரீட்சை மார்ச் பதினெட்டு.'

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. பள்ளிக்கு எடுத்தால், காரியாலயத்தைப் பூட்டிவிட்டார்கள் என்று பதிவுக் குரல் சொன்னது.

வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி. சிறிதேவி மீன் ரோல்ஸ் பொரிக்க மாவைக் கரைத்துக்கொண்டு நின்றார். மேசையில் இராஜதுரை பஸ் சீருடையோடு பேப்பர் பார்த்தார்.

"அம்மா, பள்ளிக்கூடத்துக்கு ஆர் போன் அடிச்சது?"

சிறிதேவி கரண்டியை வைக்கவில்லை. "நான்தான்."

"எனக்குக் காய்ச்சலெண்டு சொன்னீங்களோ?"

"பின்னை என்னெண்டு சொல்லுறது? வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு மட்டும் இராகுகாலமெண்டு சொன்னா அவங்களுக்கு விளங்குமே? வருத்தமெண்டு சொன்னா நோர்வேக்காரர் ஒரு கேள்வியும் கேக்காயினம். எங்கடை வேலையிடத்திலை அப்பிடித்தானே. போன் எடுத்து வருத்தமெண்டு சொல்லு, 'கூட் பெட்றிங்' எண்டு சுகம் வர வாழ்த்திப்போட்டு வைச்சிடுவினம். பத்தரைக்குக் காய்ச்சல், பின்னேரம் சுகமாகியிடும் எண்டுதான் சொன்னனான்."

"பின்னேரம் சுகமாகிற காய்ச்சலோ?" என்றார் இராஜதுரை, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"நீங்கள் சும்மா இருங்கோ."

"அம்மா, இது முதியோர் இல்லமில்லை!" ஹம்சிகாவின் குரல் உயர்ந்தது. "வருத்தமெண்டு சொன்ன ஆளை அண்டைக்குப் பறக்க விடமாட்டினம். என்ரை இடத்தைக் குடுத்திட்டினம். அடுத்தது மார்ச் பதினெட்டாம். வேலை முதலாம் தேதி. விளங்குதோ?"

எண்ணெய் புகைந்தது. சிறிதேவி அடுப்பை நிறுத்தினார். கையைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"நேரத்தைத்தான் மாத்துவினமெண்டு நினைச்சன்," என்றார். "நவம்பரிலை நடந்தது உனக்குத் தெரியுந்தானே."

"நவம்பரிலை நான் வயலை மாத்தினன். அதாலை தோத்தன்."

"ஏன் மாத்தினனீ? அந்த நேரம் அப்பிடி."

ஹம்சிகாவுக்கு வந்த கோபத்தில் அழுகையும் கலந்திருந்தது. ஆனால் அவளுடைய கை கோபத்திலும் கணக்குப் போடும் கை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இரண்டு தாள்களையும் பிய்த்து மேசையில் வைத்தாள்.

"இராகுகாலமெண்டா என்ன? சூரியன் எழும்பி விழுற மட்டும் உள்ள நேரத்தை எட்டாப் பிரிக்கிறது. வெள்ளிக்கு நாலாம் பங்கு. சரியே? ஊரிலை ஆறுக்கு எழும்பி ஆறுக்கு விழும், அதாலை பத்தரை. நாளைக்கு இஞ்சை ஏழு முப்பத்திரண்டுக்கு எழும்பி, அஞ்சு இருபதுக்கு விழுது." நாட்காட்டியின் ஓரத்தில் கிறுகிறுவென்று எழுதினாள். "உங்கடை இராகுகாலம் பதினொண்டு பன்னிரண்டுக்குத்தான் துவங்குது. பத்தரை நல்ல நேரம், அம்மா."

இராஜதுரை பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கணக்கை எட்டிப் பார்த்தார். சிறிதேவியும் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார்.

"பதினாறு வருஷம்," என்றார் கடைசியில். "பிழையான நேரத்துக்கோ நான் பயந்து கொண்டிருந்தனான்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு இராஜதுரை சிரித்துவிட்டார். ஹம்சிகா எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அவளால் இன்னும் சிரிக்க முடியவில்லை.

கட்டிலில் இருந்தபடி அவள் யோசித்தது ஒரே ஒரு விடயம். நாளைக்குப் போய் என்ன சொல்வது? காய்ச்சல் மாறிவிட்டது என்று சொல்லலாம். சுலபம். ஆனால் நேற்றுக் காய்ச்சல் கிடந்த ஆள் இன்றைக்குப் பறக்கலாமா என்ற கேள்வி வரும். அதற்கு இன்னொரு பொய் வேண்டும். உடம்பைப் பற்றிப் பொய் சொல்லும் விமானியை ஒருவரும் பக்கத்தில் இருத்தமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று முடிவெடுத்தபோது சமையலறையில் திரும்பவும் எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்டது.

காலையில் ஏழு மணிக்கு அவள் சப்பாத்துப் போட வந்தபோது, சிறிதேவி தடித்த மேலங்கியும் கம்பளித் தொப்பியுமாகக் கதவடியில் நின்றார். கையில் ரோல்ஸ் டப்பாவும் தேநீர்க் குடுவையும்.

"நீங்கள் எங்கை?"

"நான் சொன்ன பொய்யை நான்தானே போய் எடுக்கவேணும்."

விமானத்திடல் நகரத்துக்கு வெளியே, உறைந்த வயல்களின் நடுவில் இருந்தது. பரீட்சகர் ஒட்வார் கோப்பி அறையில் வானிலைத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, மீசை, வட நாட்டுப் பேச்சு. ஹம்சிகாவைக் கண்டதும், "நீ காய்ச்சல்காரி அல்லவா? தள்ளி நில்" என்றார்.

ஹம்சிகா வாயைத் திறக்க முன் சிறிதேவி முன்னுக்கு வந்தார். முதியோர் இல்லத்தில் பதினைந்து பேரைக் குளிக்க வார்த்துப் படித்த நோர்வே மொழி அவருடையது. சுருக்கமானது. பயமில்லாதது.

"இவளுக்கு வருத்தம் இல்லை. நான் பொய் சொன்னேன். இவளுக்குத் தெரியாது. என் பிழை."

"ஏன்?"

சிறிதேவி மகளைப் பார்த்தார். இதற்கு மேல் அவரிடம் நோர்வேச் சொற்கள் இல்லை. ஹம்சிகா சொன்னாள். ஒவ்வொரு நாளிலும் ஒரு துண்டு நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் அம்மா எதையும் தொடங்கமாட்டார் என்றாள். சொல்லச் சொல்ல அவள் காது சூடாகியது.

ஒட்வார் சிரிக்கவில்லை. "என் அப்பா மீனவர், முதுகுப்பை கெட்ட சகுனம் என்று படகில் ஏற்றவிடமாட்டார்," என்றார். "ஒருவன் ஏற்றினான். அப்பா அதைக் கடலில் எறிந்தார். பை நிறையப் பணியாரம்." பிறகு முகம் மாறியது. "அதற்காக நான் லார்ஸை இறக்கமுடியாது. அவன் பத்தரைக்குப் போகிறான், அதன் பிறகு இன்னொருவன் இருக்கிறான். மூன்று மணிக்கு விமானம் திரும்பி வந்து, வானமும் விட்டால், உன்னை எடுக்கிறேன். விடாவிட்டால் மார்ச் பதினெட்டு. மேற்கிலிருந்து பனி வருகிறது. அது எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது."

சிறிதேவி டப்பாவைத் திறந்து நீட்டினார். ஒட்வார் ஒன்று எடுத்தார். கடித்துப் பார்த்துவிட்டு இன்னொன்றும் எடுத்தார். "இது லஞ்சம் இல்லையே?"

"மீன்," என்றார் சிறிதேவி.

அந்த நாள் நீண்டது. லார்ஸ் போனான், வந்தான். மற்றவன் போனான். ஹம்சிகா வரைபடத்தில் தன் பாதையை நாலு தரம் அளந்தாள். மேற்கே மலைக்கு மேல் வானம் சாம்பல் பூசிக்கொண்டு வந்தது. இரண்டரை மணிக்கு விமானம் திரும்பி வந்து இறங்கியதும் எரிபொருள் பார்க்க வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது சிறிதேவி யன்னலடியில் இருந்து, ரோல்ஸ் சுற்றிய கடுதாசியில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஏழு முப்பத்திரண்டு. அஞ்சு இருபது. எட்டால் பிரித்தல். நேற்று மகள் போட்ட அதே கணக்கு. இந்த முறை ஏழாம் பங்கு.

ஹம்சிகாவுக்குக் கணக்கைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாட்காட்டிப்படி எமகண்டம் மூன்று மணிக்கு. ஒஸ்லோச் சூரியன்படி இரண்டு ஐம்பத்துமூன்றுக்கு. இராகுகாலமாவது காரியத்தைத்தான் கெடுக்கும். இது பெயரிலேயே எமனை வைத்திருக்கிறது.

"எந்தக் கணக்கிலை போட்டாலும் மூண்டு மணி அதுக்குள்ளைதான் விழுது," என்றார் சிறிதேவி, தலை நிமிராமல்.

"ஓம் அம்மா. காலமையே எனக்குத் தெரியும்."

"நீ சொல்லேல்லை."

"சொன்னா இன்னொரு போன் அடிப்பீங்கள்."

சிறிதேவி கடுதாசியை மடித்தார். நான்காக மடித்து, எட்டாக மடித்து, கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினார்.

"பத்தரைக்கு நல்ல நேரத்திலை இருந்ததைக் குழப்பி, இதுக்குள்ளை கொண்டுவந்து விட்டது நான்தானே," என்றார். "இனி நான் கதைக்கக் கூடாது. போட்டு வா. எனக்குக் குளிருது, கெதியா முடிச்சுப்போட்டு வா."

மூன்று மணி மூன்று நிமிடத்துக்கு விமானம் தரையை விட்டது.

முதல் முக்கால் மணிநேரம் எல்லாம் கை பழகியபடி நடந்தது. உறைந்த ஆற்றுக்கு மேல் ஒட்வார் விசையை இழுத்துவிட்டு, "எஞ்சின் போயிற்று" என்றார். கீழே இரண்டு வெள்ளை வயல்கள். ஹம்சிகா இடப்பக்கத்ததைத் தெரிவு செய்தாள். இறங்கிவரும்போது வலப்பக்கத்தது இன்னும் அகலமாகத் தெரிந்தது. மனம் ஒரு முறை அங்கே போய்விட்டு வந்தது. கை போகவில்லை. "போதும், எழும்பு" என்றார் ஒட்வார்.

பிறகுதான் பனி. மேற்கே மலைக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி, அவர்கள் போகவேண்டிய பாதையைப் பாதி மூடிவிட்டது. ஒட்வார் வரைபடத்தில் ஏரிக்கரை ஊரைத் தொட்டார். "இன்னும் ஒரு பயிற்சி மிச்சம். இது வரைக்கும் போ."

ஹம்சிகா சுவரைப் பார்த்தாள். எரிபொருளைப் பார்த்தாள். நேரத்தைப் பார்த்தாள், நாலு மணிக்கு இரண்டு நிமிடம். மிச்சமிருக்கும் பயிற்சியைச் செய்யாவிட்டால் பரீட்சை முடியாது. பரீட்சை முடியாவிட்டால் உரிமம் இல்லை. மார்ச் முதலாம் தேதி ஏழாவது ஆள் அந்த நாற்காலியில் போய் இருப்பான். ஒருவேளை சுவரின் ஓரத்தால் நுழைந்துவிடலாம். ஒருவேளை.

"இல்லை," என்றாள். "அதற்குள் நான் போகமாட்டேன். திரும்புகிறேன்."

"பயிற்சி மிச்சம் என்று சொன்னேன்."

"கேட்டேன். இன்றைக்கு ஏலாது."

அவள் விமானத்தைத் திருப்பினாள். திரும்பும் திசையையும், எடுக்கும் நிமிடங்களையும், கீழே வரப்போகும் அடையாளங்களையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஓட்டினாள். ஒட்வார் மடியிலிருந்த பலகைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். தரை தொட்டுப் பத்து நிமிடத்தில் திடலைப் பனி மூடியது.

கோப்பி அறை வாசலில் சிறிதேவி எழுந்து நின்றார். ஒட்வார் பலகைத் தாளில் கையெழுத்துப் போட்டு ஹம்சிகாவிடம் நீட்டினார்.

"மிச்சமிருந்த பயிற்சி, போகும் வழி அடைபட்டால் என்ன செய்வாய் என்பது," என்றார். "கற்பனையாகக் கேட்க இருந்தேன். வானமே கேட்டுவிட்டது." பிறகு சிறிதேவியின் பக்கம் திரும்பி, "உன் மகள் பாஸ். அந்த மீன் இன்னும் இருக்கிறதா?"

சிறிதேவி டப்பாவை அவரிடம் அப்படியே கொடுத்தார். மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை. அவளுடைய கழுத்துத் துணியை இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டார்.

அடுத்த வருடம் ஒஸ்லோத் தமிழ்ச் சனம் விழாக்களில் ஹம்சிகாவைக் காட்டி, 'எங்கடை பிள்ளையளுக்குள்ளை முதல் பொம்பிளைப் பைலட்' என்று சொல்லத் தொடங்கியது. முதல் ஆளா என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவளும் திருத்தவில்லை. அவளுக்கு வேலை வடக்கில். சபாரத்தினம், "முன்னுக்கு இருக்கிற பிள்ளைக்குத் தேத்தண்ணி கொண்டுவாங்கோ" என்று கூப்பிட்டுச் சொல்லுமளவுக்கு மாறியிருந்தார்.

2005 டிசம்பரில் சிறிதேவி மகளின் விமானத்தில் முதல் முறையாக ஏறினார். ஒஸ்லோவிலிருந்து வந்து, வடக்கே ஒரு திடலில் விமானம் மாறி ஏறவேண்டும்; போக வேண்டிய இடம், பழைய போட்ஸ்பியோர்ட்தான். மத்தியானம் பன்னிரண்டு மணி. வெளியே நீல இருட்டு. ஹம்சிகா சீருடையோடு படியடியில் நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சிறிதேவி ஏறாமல் நின்றார்.

"என்னம்மா?"

"இஞ்சை சூரியன் எத்தினை மணிக்கு எழும்புது? எட்டாப் பிரிப்பமெண்டு பாத்தன்."

ஹம்சிகா சட்டைப் பையிலிருந்து மடித்த அட்டவணையை எடுத்துக் கொடுத்தாள். சிறிதேவி கண்ணாடியைப் போட்டு, டிசம்பர் வரிசையில் விரல் வைத்துக் கீழே கொண்டுபோனார். எழும் நேரம் எழுத வேண்டிய இடத்தில் கோடு. விழும் நேரத்துக்கும் கோடு. நாளுக்கு நாள் கோடு. ஜனவரி நடுவுக்குப் பிறகுதான் ஓர் எண் தெரிந்தது.

"எழும்பாதோ?"

"ரெண்டு மாசத்துக்கு எழும்பாது. எங்களுக்கு மறந்துபோச்சு, அம்மா. இந்தப் பக்கந்தானே இருந்தனாங்கள்."

"அப்ப எட்டாப் பிரிக்க ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லை."

சிறிதேவி அட்டவணையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"சரி, ஜனவரி நடு மட்டும் நீ நினைச்ச நேரம் வெளிக்கிடு," என்றார். "அதுக்குப் பிறகு நான் போன் அடிக்கிறன். உனக்குத்தான், பள்ளிக்கூடத்துக்கு இல்லை."